ஒன்பது அங்குலச் சுவரும் பதினெட்டு நெற்றிகளும்

மழை பெய்தால் முட்டளவு தண்ணீரும் பெய்யாவிட்டால் கணுக்காலளவு புழுதியுமாகக் கிடக்கும் சிவலங்குளம் கல்லூரிச் சாலையில், வேதியியல் ஆனர்ஸ் நாலாம் வருஷம் படித்துக்கொண்டிருந்த முப்பிடாதி என்ற பெண், ஒரு கார்த்திகை மாதத்துச் சாயங்காலம் ஆறு மணி பத்து நிமிஷத்துக்கு, பெண்கள் விடுதிச் சுவரின் உள்பக்கம் சாய்ந்து வெளிப்பக்கம் மல்லாந்து விழுந்தாள். விழுந்த இடம் நெருஞ்சி மண்டிய இடம் என்பதால் முதலில் அவள் கவனத்துக்கு வந்தது முள்தான். அதை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டு, சுடிதாரைத் தட்டி, கூடவே வந்து விழுந்திருந்த நோட்டையும் பேனாவையும் பொறுக்கிக்கொண்டு, வந்ததுதான் வந்தோம் குடுவையை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வருவோம் என்று லேபைப் பார்த்து நடந்தாள்.

குடுவை என்ன குடுவை என்று சொல்லவேண்டும். அதற்கு முன்னால் ஆனர்ஸ் என்ன ஆனர்ஸ் என்று சொல்லவேண்டும், ஏனென்றால் அந்தச் சுற்றுவட்டாரத்தில் அதைக் கேட்காத ஆள் இல்லை. மற்ற பிள்ளைகள் மூன்று வருஷம் படிப்பதை இது நாலு வருஷம் படிக்கிறது என்று முப்பிடாதியின் அப்பா பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரருக்கு விளக்கப் போய், "அப்ப மெதுவாப் படிக்கிற பிள்ளைகளுக்கா அண்ணாச்சி?" என்ற கேள்வியை வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். அந்த நாலாவது வருஷத்தில் ஆளுக்கொரு ஆராய்ச்சி செய்யவேண்டும். ஆராய்ச்சித் தலைப்புகளை வேறெங்கும் மார்க்கை வைத்தோ ஆசையை வைத்தோ பிரிப்பார்கள், சிவலங்குளம் கல்லூரி வேதியியல் துறையில் மட்டும் கடிகாரத்தை வைத்துப் பிரித்தார்கள். நாலு மணி நேரத்துக்குள் முடிகிற வேலையெல்லாம் பெண்பிள்ளைகளுக்கு, அதற்கு மேலே இழுப்பதெல்லாம் பையன்களுக்கு. பெண்கள் விடுதி வாசலை ஆறு மணிக்குப் பூட்டிவிடுவார்கள், ஆண்கள் விடுதி வாசலுக்குப் பூட்டு என்று ஒன்று இருந்ததா என்பதே யாருக்கும் ஞாபகமில்லை. ஆகவே வருஷாவருஷம் பையன்கள் செம்பையும் நிக்கலையும் கொதிக்கவைத்துப் பச்சையும் ஊதாவுமாகப் படிகம் எடுத்தார்கள், பெண்பிள்ளைகள் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்க் கிணற்றுத் தண்ணீரில் உப்பு பார்த்தார்கள். சிவலங்குளத்துக் கிணறுகளைப் போல ஆராயப்பட்ட கிணறுகள் பூலோகத்தில் வேறு இருக்க முடியாது; தெற்குத் தெருவில் ஒரு கிணறு வற்றியே ஒன்பது வருஷமாகியும் அதன் உப்பு வருஷம் தவறாமல் பதிவாகிக்கொண்டிருந்தது.

முப்பிடாதி கிணறு வேண்டாம் என்றாள். துறைத்தலைவர் குற்றாலிங்கம் சார் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"ஆறு மணி நேரம் விடாமக் கொதிக்கணும்மா. காலைல லேப் சின்னப் பிள்ளைகளுக்கு. ரெண்டு மணிக்கு வச்சா எட்டு மணிக்கு எறக்கணும். நீ அஞ்சே முக்காலுக்கு நோட்டை மூடிட்டு ஓடிருவ."

"நான் பாத்துக்கிடுதேன் சார்."

"எப்படிப் பாத்துக்கிடுவ?"

"எப்படியாவது சார்."

எப்படியாவது என்பது வேதியியலில் ஒரு முறையே இல்லை என்று சார் சொன்னார், ஆனாலும் அவள் பேருக்கு நேரே செம்பு என்று எழுதினார். மார்ச் முப்பத்தொன்றுக்குள் படிகம் வரவில்லையென்றால் கிணறு என்று அதன் கீழேயே சின்னதாக எழுதிக்கொண்டார். முப்பிடாதியின் பையில் பெங்களூரிலிருந்து வந்த ஒரு கடிதம் இருந்தது. பெரிய ஆராய்ச்சிக் கூடம் ஒன்றில் ஏப்ரல் பத்தாம் தேதி நேர்முகம், வரும்போது சொந்தமாகத் தயாரித்த சேர்மத்தோடு வரவும் என்று எழுதியிருந்தது. கிணற்றுத் தண்ணீர்ப் பாட்டிலோடு அந்த வாசலில் போய் நிற்கிற மாதிரி அவளுக்கு மூன்று தரம் கனவு வந்தது, மூன்று தரமும் அழுதுகொண்டே எழுந்தாள்.

உருண்டைக் குடுவை ஒன்றில் செம்பு உப்பையும் அவளே லேபில் தயாரித்த மஞ்சள் நிறத் தூளையும் ஆல்கஹாலில் கரைத்துச் சூடேற்றினால், ஆவி மேலே போய், தண்ணீர் சுற்றி ஓடுகிற கண்ணாடிக் குழாயில் குளிர்ந்து, திரும்பக் குடுவைக்குள்ளேயே சொட்டும். அப்படியே போய்ப்போய் வந்துவந்து ஆறு மணி நேரம். நடுவில் நிறுத்தினால் அடியில் தார் மாதிரி ஒரு கரும் பிசின் பிடித்துக்கொள்ளும். சூட்டை விட்டுவிட்டுப் போகவும் முடியாது, ஏனென்றால் சாயங்காலம் ஏழு மணிக்கு ஊருக்குத் தண்ணீர் திறந்துவிட்டதும் லேப் குழாயில் வேகம் செத்துப்போகும், அப்போது ஆள் நின்று திருகித் திருகிச் சரிசெய்யவேண்டும். பையன்களிடம் பார்த்துக்கொள்ளச் சொன்னால் பார்த்துக்கொள்வார்கள், டீ குடிக்கத் தோன்றுகிற வரைக்கும். ஐப்பசியில் மூன்று தரம் வைத்து மூன்று தரமும் ஐந்தே முக்காலுக்கு அணைத்து மூன்று தரமும் பிசினைச் சுரண்டினாள் முப்பிடாதி.

நாலாவது தரமும் அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்த சாயங்காலம்தான் அது. மடியில் குவாண்டம் வேதியியல் வீட்டுக்கணக்கு. எலக்ட்ரான் தன்னால் ஏற முடியாத தடையை ஏறாமலேயே ஊடுருவிப் போகும் என்ற பாடத்தை நடத்தி முடித்ததும் குற்றாலிங்கம் சார் வருஷாவருஷம் கொடுக்கிற கணக்கு ஒன்று உண்டு: ஒரு மாணவி ஒன்பது அங்குலச் சுவரை ஊடுருவிச் செல்லும் நிகழ்தகவைக் காண்க, மாணவியின் எடையை அவரவர் போட்டுக்கொள்க. விடை பூஜ்யம் புள்ளி பூஜ்யம் பூஜ்யம் என்று போய்க்கொண்டே இருக்கும். அந்தப் பூஜ்யங்களை எழுதி முடிக்க இந்த அண்டத்தின் ஆயுசு போதாது என்று சார் சொல்லி ஒரு தரம் சிரிப்பார், வகுப்பும் மரியாதைக்குச் சிரிக்கும். முப்பிடாதியின் கண் கணக்கில் இருந்தது, மனசு பிசினில் இருந்தது. கை தன்பாட்டுக்கு மேலேயிருந்த மாதிரிக் கணக்கைப் பார்த்து, நாற்பத்தெட்டு கிலோ என்று போடவேண்டிய இடத்தில் எலக்ட்ரானின் எடையையும், சுவரின் தடிமன் இருக்கவேண்டிய இடத்தில் நானோமீட்டரில் கால்வாசியையும் போட்டுவிட்டது. வேதியியல் படிக்காத எவருக்கும் இப்படியொரு தவறு செய்ய வாய்ப்பே கிடைக்காது. நூற்றுக்கு எழுபத்தொன்று என்று விடை வந்தது. அடியில் இரட்டைக் கோடு போட்டாள், பெருமூச்சு விட்டாள், சாய்ந்தாள். சுவருக்குக் கணக்கு தெரியாது. எழுதியிருந்ததை நம்பி வழி விட்டது.

அன்று எட்டேகாலுக்கு அவள் திரும்பி வந்து அதே இடத்தில் நுழையப் பார்த்தபோது நெற்றி ணங்கென்று மோதி நட்சத்திரம் பறந்தது. எழுபத்தொன்று போக மீதி இருபத்தொன்பது என்பதை நெற்றியைத் தேய்த்துக்கொண்டே யோசித்துக் கண்டுபிடித்து, மறுபடி நுழைந்தாள், போய்விட்டாள். மறுநாள் முதல் இதுவே நடைமுறையாயிற்று. இரண்டு மணிக்குக் குடுவையை ஏற்றுவாள், ஐந்தே முக்காலுக்கு ஓடிவந்து விடுதி ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடுவாள், அடுத்த அரை மணி நேரம் குடுவை எந்தத் தெய்வத்தின் பொறுப்போ அந்தத் தெய்வத்தின் பொறுப்பு, ஆறேகாலுக்குச் சுவரைத் தாண்டி லேபில் இருப்பாள். ஐந்தாம் நாள் பிசின் வரவில்லை, பழுப்புத் தூள் வந்தது. பழுப்புத் தூளைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்ட மனுஷியை அந்த லேப் அதற்கு முன் பார்த்ததில்லை.

வார்டன் உலகம்மாள் மேடம் அவளைப் பிடித்தது பத்தாம் நாள், அதுவும் பிடிக்கவேண்டும் என்று போய்ப் பிடித்ததல்ல. சுவரோரம் கறிவேப்பிலை ஒடித்துக்கொண்டிருந்தவர் முன்னால் செங்கல்லிலிருந்து முதலில் ஒரு செருப்புக்காலும் பிறகு முப்பிடாதியும் வந்தார்கள்.

"மணி என்ன?" என்றார் மேடம்.

"எட்டு பத்து மேடம்."

"கேட்டு பூட்டியிருக்கே."

"கேட்டு வழியா வரல மேடம்."

உலகம்மாள் மேடம் முப்பது வருஷ சர்வீஸில் பொய் சொல்லிப் போன பிள்ளைகளையும், ஏறிக் குதித்த பிள்ளைகளையும், பெரியப்பா செத்துப்போனதாக ஒரே பெரியப்பாவுக்கு இரண்டு தரம் லீவு கேட்ட பிள்ளைகளையும் பார்த்தவர். கறிவேப்பிலையை முந்தானையில் கட்டிக்கொண்டு அறைக்குப் போய் விடுதி விதிப் புத்தகத்தை எடுத்தார். மாலை ஆறு மணிக்குப் பிறகு மாணவியர் எவரும் வாயில் வழியாக வெளியே செல்வதோ உள்ளே வருவதோ கூடாது என்று நாலாம் விதி சொன்னது. சுவர் ஏறிக் குதிப்பது குற்றம் என்று ஐந்தாம் விதி சொன்னது. ஏறவும் இல்லை, குதிக்கவும் இல்லை. விதியில் இல்லாததைத் தடுக்க மேடத்துக்கு அதிகாரமில்லை, நடந்ததை எழுதாமல் விட மேடத்துக்கு மனசில்லை. ஸ்கேலை வைத்து ரிஜிஸ்டரில் ஒரு கோடு இழுத்துப் புதுக் கட்டம் ஒன்று உண்டாக்கி, அதன் தலையில் 'சுவர் வழி' என்று எழுதி, போன நேரம் வந்த நேரம் இரண்டுக்கும் இடம் விட்டு, முப்பிடாதியிடம் பேனாவை நீட்டினார். சனிக்கிழமை ரிஜிஸ்டர் பிரின்சிபாலிடம் போனது. பிரின்சிபால் எல்லாக் கட்டத்தின் கீழும் கையெழுத்துப் போடுகிறவர், அதன் கீழும் போட்டார்.

அப்புறம் என்ன, மற்ற பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? வகுப்பில் பெண்பிள்ளைகள் பத்தொன்பது பேர். முப்பிடாதியின் நோட்டு கைமாறிக் கைமாறி ஓரம் கிழிந்தது. அதைப் பார்த்து அவரவர் கையால் அவரவர் நோட்டில் தப்புத்தவறாமல் தவறோடு எழுதி, இரட்டைக் கோடும் போட்டபின் அவரவருக்குச் சுவர் வழி விட்டது. தை பிறப்பதற்குள் பதினெட்டு பேர் போய்வந்தார்கள். பத்துத் தரம் போனால் ஏழு தரம் வழி, மூன்று தரம் வீக்கம் என்ற கணக்கில், பதினெட்டு நெற்றிகளும் மாறி மாறிப் புடைத்தும் வடிந்தும் இருந்தன. விடுதிச் சமையலறையில் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து ஒரு கிண்ணத்தில் எப்போதும் தயாராக வைத்தார்கள். அந்த மாசம் ஒரு பெண்ணைப் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் நெற்றியில் என்ன புடைப்பு என்று கேட்டதற்கு, ஆனர்ஸ் படிக்கிறாள் என்று பெண்ணின் அம்மா பதில் சொன்னாள், அவர்களும் சரி சரி என்று தலையாட்டிக்கொண்டார்கள்.

பத்தொன்பதாவது ஆள் ஜெபக்கனி. வகுப்பில் முதல் மார்க்கு அவள்தான், முப்பிடாதியின் அறைத்தோழியும் அவள்தான். நிக்கல் சேர்மம் ஒன்றை எட்டு மணி நேரம் கொதிக்கவைத்துப் பார்க்கவேண்டும் என்று முதல் வருஷத்திலிருந்து ஆசைப்பட்டுக் கிணற்றுக்கு அனுப்பப்பட்டவள். அவளும் நோட்டை வாங்கி எழுதினாள். ஆனால் எலக்ட்ரானின் எடையைப் பார்த்து எழுதப் போன கை தானாகவே நின்று ஐம்பத்திரண்டு கிலோ என்று திருத்திப் போட்டது. எத்தனை தரம் எழுதினாலும் அத்தனை தரமும் சரியாகவே வந்தது. "ஏட்டி, தெரிஞ்சுக்கிட்டுத் தப்பா எழுத வரமாட்டேங்குது" என்று சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டு அவள் அழுதபோது, முப்பிடாதிக்குத் தான் ஏதோ திருடிவிட்ட மாதிரி இருந்தது. சரியாகப் படிக்கிறவளுக்கு மட்டும் வழி விடாத சுவரின் மேல் அவளுக்குக் கோபம்கூட வந்தது.

ஊருக்கு விஷயம் தெரிய ஒரு வாரம் பிடித்தது, பழகிப்போக இன்னொரு வாரம். வாட்ச்மேன் சுடலைமுத்து அண்ணாச்சி முதலில் மனம் நொந்துபோனார். இருபது வருஷமாகக் காத்த கேட்டுக்கு என்ன மரியாதை என்று வார்டனிடம் முறையிட்டார், பிறகு கேட்டுப் பக்கம் போட்டிருந்த நாற்காலியைத் தூக்கிச் சுவர்ப் பக்கம் போட்டுக்கொண்டு, "பைய வாங்க தாயி, வெரசா வந்தா வெரசா அடிபடும்" என்று வருகிறவர்களுக்கு யோசனை சொல்ல ஆரம்பித்தார். ஒரு என்ஜினியர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்து, ஒன்பது அங்குலம், நல்ல செங்கல், கலவையும் சரிதான் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். சுவரொட்டி ஒட்ட வந்த கட்சிக்காரர் ஒருவர், தலைவர் முகத்தின் வழியாகப் பிள்ளைகள் வந்துபோவது மரியாதையா அவமரியாதையா என்று ஆள்விட்டுக் கேட்டனுப்பி, பதில் வராததால் எதிர்ச்சுவரில் ஒட்டினார். முப்பிடாதி என்கிற பேர் ஊர் எல்லைக் கோயில் அம்மனின் பேராகவும் இருந்ததால் யாரோ சுவரில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார்கள், எலுமிச்சம்பழம் விற்கிற ஒரு அம்மா அங்கே சாக்கை விரித்து உட்கார்ந்தாள். கீழத்தெருவில் வீடு புகுந்து திருடுகிற ஒருவன் சாயங்கால நேரமாகப் பார்த்து வந்து, தொழிலுக்கு உதவுமென்று அந்தக் கணக்கைச் சொல்லித்தரச் சொல்லிப் பணிவாகக் கேட்டான். பிள்ளைகளும் மனசார ஆரம்பித்தார்கள். வகைக்கெழுச் சமன்பாடு வந்த மூன்றாம் நாள், ஓட்டைப் பிரித்து இறங்குவதே தேவலை என்று கும்பிட்டுவிட்டுப் போய்விட்டான்.

முப்பிடாதியின் அப்பாவும் ஒரு நாள் பஸ் பிடித்து வந்து, மகள் சுவருக்குள் போவதையும் வருவதையும் இரண்டு தரம் பார்த்தார். "துணி கிழியலல்லா?" என்று கேட்டார். இல்லை என்றதும், கொண்டுவந்த அதிரசத்தைக் கொடுத்துவிட்டு கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

இப்படித் தையும் மாசியும் போயின. மற்ற பதினேழு பேரும் கிணற்றை விட்டு லேபுக்குள் வந்துவிட்டதில் ஊர்க் கிணறுகள் முதல்முறையாக நிம்மதியாக இருந்தன. முப்பிடாதியின் குடுவையில் பழுப்புத் தூள் போய்ப் பச்சைத் தூள் வந்தது, பச்சைத் தூள் போய்ப் பச்சைச் செதில் வந்தது, படிகம் மட்டும் வரவில்லை. ஏழு மணித் தண்ணீர் குறைகிற அந்த ஐந்து நிமிஷத்தில் ஏதோ பிசகுகிறது என்று கண்டுபிடித்து, குழாயின் மேல் கையை வைத்துக்கொண்டே நிற்கப் பழகினாள். மஞ்சள் நிறத் தூள் இன்னும் ஒரே ஒரு தரத்துக்குத்தான் மிச்சமிருந்தது. மார்ச் முப்பதாம் தேதி மத்தியானம் இரண்டு மணிக்கு வைப்பது என்று முடிவு செய்தாள். வராவிட்டால் முப்பத்தொன்று, கிணறு, பெங்களூர் வாசலில் பாட்டில்.

முப்பதாம் தேதி காலையில் குற்றாலிங்கம் சார் நோட்டுக்கட்டோடு வகுப்புக்குள் வந்தார். வீட்டுக்கணக்குகளை வருஷத்துக்கு ஒரே தடவை, இன்டர்னல் மார்க்கு போடுகிற வாரத்தில் திருத்துவது அவர் வழக்கம். நோட்டுக்கட்டை மேஜைமேல் வைத்தார். ஜன்னலில் உட்கார்ந்திருந்த காக்கைகூடப் பறந்துபோனது.

"பதினெட்டு நோட்டுல ஒரே தப்பு. ஒரு எழுத்து கூடல, கொறையல. மூல நோட்டு யாரோடது?"

முப்பிடாதி எழுந்து நின்றாள்.

"சுவர் விஷயம் எனக்குத் தெரியும்மா. ஊருக்கே தெரியும். அது வார்டன் துறை, அதுல நான் தலையிட மாட்டேன். நோட்டுல இருக்கிறது என் துறை. இன்னும் ஒருத்தர் நோட்டுலயும் சிவப்பு மை வைக்கல. நீ வந்து பலகைல போடு. சரியாப் போட்டா எல்லாரும் பாத்துத் திருத்தி எழுதட்டும், பத்து மார்க்கு. தெரியலைன்னு சொன்னா உக்காந்துக்கோ, எல்லாருக்கும் பூஜ்யம், நோட்டு இருக்கிறபடியே இருக்கட்டும்."

இதைவிட நல்ல பேரம் யாருக்குக் கிடைக்கும்? பத்து மார்க்கு போனால் போகிறது. தெரியலை சார் என்று இரண்டு சொல் சொல்லி உட்கார்ந்தால் போதும், சுவர் திறந்தபடி இருக்கும், இரண்டு மணிக்குக் குடுவை, எட்டு மணிக்குப் படிகம். பின்னாலிருந்து பதினேழு பேரின் மூச்சு முதுகில் படுவது அவளுக்குத் தெரிந்தது. "ஏட்டி, உக்காரு" என்று யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்கள். சாக்பீஸை வாங்கிக்கொண்டு பலகைக்கு முன்னால் நின்றாள். தவறு எந்த வரியில் இருக்கிறதென்று அவளுக்குத் தைமாசத்திலிருந்தே தெரியும். ஜெபக்கனி சுவரில் சாய்ந்து அழுத அன்றைக்கே தெரியும். தெரிந்த பிறகும் நோட்டைப் புரட்டாமல் வைத்திருந்தாள், அவ்வளவுதான். ஏப்ரல் பத்தாம் தேதி நாலு பேர் உட்கார்ந்து இதையே கேட்டால் அங்கேயும் எலக்ட்ரான் எடை என்றா சொல்வது? குடுவைக்குள் ஒரு நியாயம், நோட்டுக்குள் ஒரு நியாயம் என்று வைத்துக்கொண்டு எத்தனை நாளைக்கு வேதியியல் படிப்பது? எடை வரவேண்டிய இடத்தில் நாற்பத்தெட்டு கிலோ என்று எழுதினாள்.

பிறகு கை நிற்கவில்லை. சுவரின் தடிமனைச் சரியாகப் போட்டாள், பெருக்கினாள், வகுத்தாள், பூஜ்யம் புள்ளி பூஜ்யம் பூஜ்யம் என்று பலகையின் ஓரம் வரை எழுதி, இனி இடமில்லை என்று நிறுத்தி, இரட்டைக் கோடு போட்டாள். பதினேழு பேரும் தலையைக் குனிந்து அவரவர் நோட்டில் திருத்தி எழுதினார்கள். குற்றாலிங்கம் சார் அண்டத்தின் ஆயுசைப் பற்றிய தன் வழக்கமான வாக்கியத்தைச் சொல்லிச் சிரித்தார். இந்தத் தடவை மரியாதைக்குக்கூட யாரும் சிரிக்கவில்லை.

சாப்பாட்டு வேளையில் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராகச் சுவரிடம் போய்ப் பார்த்தார்கள். ஒவ்வொருவரும் பத்துத் தரம் முட்டினார்கள், பத்துத் தரமும் சுவர் சுவராகவே இருந்தது. சுடலைமுத்து அண்ணாச்சி நாற்காலியைத் தூக்கித் திரும்பக் கேட்டுப் பக்கம் போட்டார். முப்பிடாதியோடு யாரும் பேசவில்லை. ஜெபக்கனி மட்டும் பக்கத்தில் வந்து, "ஏன்ட்டி இப்படிப் பண்ணுன?" என்று கேட்டாள். முப்பிடாதி தட்டைக் கழுவி வைத்துவிட்டு லேபுக்குப் போனாள்.

இரண்டு மணிக்குக் குடுவையை ஏற்றினாள். மூன்று, நாலு, ஐந்து. ஐந்தே முக்காலுக்குக் கடிகாரத்தைப் பார்த்தாள். இப்போது ஓடினால் கையெழுத்துப் போடலாம், ஆனால் உள்ளே போனால் போனதுதான். குடுவைக்குள் பச்சை நிறம் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஆறு மணிக்கு விடுதி மணி அடித்தது கேட்டது, வாசல் பூட்டுகிற சத்தமும் கேட்ட மாதிரி இருந்தது. நான்கு வருஷத்தில் முதல்முறையாக, எந்த அதிசயத்தின் துணையும் இல்லாமல், ஆறு மணிக்கு மேல் அவள் வெளியே இருந்தாள். ஏழு மணிக்குத் தண்ணீர் குறைந்தது, குழாயிலிருந்து கையை எடுக்கவே இல்லை. எட்டு மணிக்குச் சூட்டை அணைத்து, வடிகட்டி, ஆறவிட்டு, முகத்தைக் குடுவையோடு ஒட்டி வைத்துக்கொண்டு பார்த்தாள். கால் மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு அடியில் ஒரு புள்ளி மினுங்கியது, அதன் பக்கத்தில் இன்னொன்று, அப்புறம் எண்ண முடியவில்லை. கற்கண்டு மாதிரி முனை முனையாகக் கரும்பச்சைப் படிகம். அவள் சத்தமாக அழுதாள். பக்கத்து மேஜைப் பையன்கள் ஏதோ உடைந்துவிட்டதென்று நினைத்து விளக்குமாற்றோடு வந்தார்கள்.

சின்னப் பாட்டிலில் கொஞ்சம் படிகத்தை எடுத்துக்கொண்டு விடுதிக்கு நடந்தபோதுதான் பயம் வந்தது. விடுதியை விட்டு நீக்கலாம், அப்பாவை வரச்சொல்லலாம், நீக்கினால் பரீட்சைக்கு எங்கிருந்து வருவது என்றெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தவள், சுவரோரம் கொஞ்ச நேரம் நின்றாள், பிறகு நேராக வாசலுக்குப் போனாள். கேட்டுக்கு உள்ளே ஸ்டூல் போட்டு, மடியில் ரிஜிஸ்டரோடு உலகம்மாள் மேடம் உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரமாக உட்கார்ந்திருந்தாரோ, காலடியில் கொசுவத்தி பாதிக்கு மேல் எரிந்திருந்தது.

"மணி என்ன?"

"எட்டு நாப்பது மேடம்."

"சுவர் வழியா வாரியா?"

"இல்ல மேடம். சுவர் அடைச்சுப்போச்சு. நான்தான் அடைச்சேன். ஆறு மணிக்கு முன்னாடி உள்ள வந்திருக்கணும், வரல. என்ன தண்டனைனாலும் குடுங்க, இத மட்டும் உடைச்சிராதீங்க." பாட்டிலைக் கம்பி வழியாக நீட்டினாள்.

மேடம் அதை வாங்கி விளக்கில் பிடித்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், அண்ணாச்சியிடமும் காட்டினார். "இதுக்காகவா இத்தன நாளு முட்டுன?" என்று கேட்டார். முப்பிடாதி தலையாட்டினாள். மேடம் ரிஜிஸ்டரைப் பிரித்தார்.

"நாலு மாசமா இந்தச் 'சுவர் வழி' கட்டத்துல ஒரு நாள்கூட வெறுசாக் கெடந்ததில்ல. வாரா வாரம் பிரின்சிபால் கையெழுத்து இருக்கு. பிள்ளைகள் எட்டரைக்கு வந்திருக்கு, ஒம்பதுக்கு வந்திருக்கு, ஒரு குத்தம் குறை கிடையாது. இன்னைக்குத் திடீர்னு கட்டம் காலியா இருந்தா, இத்தன நாளு போனவ இன்னைக்கு ஏன் போகலன்னு எவனாவது கேப்பான். எனக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு ரெண்டு வருஷம் இருக்கு." பேனாவைத் திறந்து, கட்டத்தில் எட்டு நாற்பது என்று தன் கையாலேயே எழுதினார். "அண்ணாச்சி, திறங்க."

சுடலைமுத்து அண்ணாச்சி சாவியை எடுத்தார். ஆறு மணிக்கு மேல் அந்தப் பூட்டைத் திறந்து பழக்கமில்லாததால் சாவி இரண்டு தரம் வழுக்கியது, மூன்றாம் தரம் திரும்பியது. கேட்டு கிறீச்சென்று போட்ட சத்தத்தில் மாடி வராந்தாவில் பதினேழு நெற்றிகள் வரிசையாக வந்து எட்டிப் பார்த்தன. முப்பிடாதி உள்ளே வந்து கையெழுத்துப் போட்டாள்.

மேடம் ரிஜிஸ்டரை மூடப் போனபோது, பின்னாலிருந்து ஜெபக்கனி மூச்சு வாங்க ஓடிவந்து நின்றாள்.

"மேடம், நாளையிலருந்து அந்தக் கட்டத்துல எனக்கும் ஒரு வரி போடணும். நிக்கல் வைக்கணும். எட்டு மணி நேரம்."

மேடம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "கணக்கு போட்டுட்டியா?"

"போட்டுட்டேன் மேடம். சரியாப் போட்டிருக்கேன்."

"பேரைச் சொல்லு," என்று மேடம் பேனாவைத் திரும்பத் திறந்தார், முப்பது வருஷமாகத் தெரிந்த நடைமுறை போல, பேரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.